மீசைக்குக் கல்யாணம்

கோட்டான்குடி என்று ஓர் ஊர். எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் போய்விடுவீர்கள். போனவன் தெளிவாகத் திரும்பியதில்லை.

அந்த ஊரில் எதற்கும் அடையாளத்தைப் பார்த்துத்தான் பேர். டீக்கடையில் ஒரு பெஞ்சு ஆடும். அது ஆடுற பெஞ்சு. ஒருநாள் கடைக்காரர் அதன் காலுக்கடியில் சிரட்டைத் துண்டைச் செருகினார். ஆட்டம் நின்றது. ஆடுற பெஞ்சைக் காணோம் என்று ஊரே மூன்று நாள் தேடியது. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் தேடினார்கள்.

ஒரு கிணற்றில் தவளை கத்தும். அது தவளைக் கிணறு. தவளை தாவிப் பக்கத்துக் கிணற்றில் விழுந்தது. பேரும் அதோடு போயிற்று. பழைய கிணற்றுக்கு அப்புறம் ஒருத்தரும் குடம் கொண்டுபோகவில்லை. பேர் இல்லாத கிணற்றில் எப்படித் தண்ணீர் எடுப்பது?

ஆட்களுக்கும் அதே கணக்குதான். ஊர்த் தலைவர் தொப்பை. அவருக்கு யோசனை சொல்கிறவர் வழுக்கை. தொப்பைக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் தெத்துப்பல், இளையவள் சுருட்டை. தெத்துப்பல்லுக்கு நிச்சயம் ஆன பையன் மீசை. காதைத் தொடும் மீசை. அவனிடம் வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சலூனுக்குப் போனான்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்ணே."

சலூன்காரர் வலப்பக்கம் வெட்டினார். இடப்பக்கம் நீளமாகத் தெரிந்தது. அதை வெட்டினார். இப்போது வலப்பக்கம் நீளம். மத்தியானம் வரை வெட்டினார். கடைசியில் இரண்டும் சமம். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். பேர்போன மீசையைக் குப்பையில் போட மனமில்லாமல் முடியை வாழையிலையில் மடித்துக் கையில் கொடுத்தார்.

பொட்டலத்தோடு பெண் வீட்டுக்கு வந்தான்.

"யாருடே நீ?" என்றார் தொப்பை.

"நான்தான் மாமா, மாப்பிள்ளை."

"மாப்பிள்ளை மீசைல்லா. உனக்கு எங்கடே மீசை?"

"இதுக்குள்ள இருக்கு மாமா."

தொப்பை பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே கொண்டுபோய்ப் பாயில் வைத்தார். கொண்டுவந்தவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள்.

"மாமா, நான் கொம்பையா. எங்கம்மா வச்ச பேரு."

"அப்படி ஒருத்தன் இந்த ஊர்லயே கிடையாதே" என்றார் வழுக்கை. "அடையாளம் என்ன?"

அவன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மோரைக் குடித்தான்.

மறுநாள் பொட்டலத்துக்குப் பட்டுத் துண்டு சுற்றி, மாலை போட்டு, மணவறையில் உட்கார வைத்தார்கள். முகூர்த்தம் வந்தது. தாலியை நீட்டினால் மாப்பிள்ளை வாங்கவில்லை.

"கோவமா இருக்காரோ?" என்றார் தொப்பை.

"கோவம் இல்லை. கை இல்லை" என்றார் வழுக்கை.

"நிச்சயத்தன்னைக்கு இருந்துச்சே."

"இருந்திருக்கும். யாரு கவனிச்சா? எல்லாரும் மீசையத்தானே பாத்தோம்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. தொப்பை கூட்டத்தில் தேடினார்.

"ஏ, மோர் குடிச்ச தம்பி, கொஞ்சம் கை குடு."

கொடுத்தான். மூன்று முடிச்சும் போட்டான். நல்ல கை என்று எல்லாரும் மெச்சினார்கள். சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்கு கொடுத்து, ஊர் எல்லை வரை வந்து அனுப்பி வைத்தார்கள். அவனும் போனான். அவனை என்ன சொல்ல.

பக்கத்து ஊரில் அத்தை வீட்டில் இருந்து, விளக்கெண்ணெய் தடவித் தடவி மூன்று மாதத்தில் மீசை வளர்த்தான். ஓட்டமாக ஓடிவந்தான். தெத்துப்பல் வாசலில் நின்றாள்.

"வந்துட்டேன்" என்றான்.

அவள் உற்றுப் பார்த்தாள். உள்ளே போய்ப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்காரு. நீங்க யாரு?"

"நான்தான் அவரு."

"அவரு இப்படி எதிர்த்துப் பேசமாட்டாரு. மூணு மாசத்துல குழம்புல உப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை."

வழுக்கையைக் கூப்பிட்டார்கள். அவர் பொட்டலத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி பொட்டலம்.

"ஒரே சாடை. இது கொஞ்சம் இளசு. மீசையோட தம்பிதான், சந்தேகமே இல்லை."

"உள்ள வாங்க கொழுந்தனாரே" என்றாள் தெத்துப்பல்.

கொம்பையா அழுதுவிட்டான்.

"அழாதடே" என்றார் தொப்பை. "அண்ணனுக்கு மூத்தவளைக் குடுத்தேன். உனக்கு இளையவ சுருட்டையத் தாரேன். நாளைக்கே முகூர்த்தம். மாப்பிள்ளைய மட்டும் இப்பவே சலூன்ல மடிச்சு வாங்கிக் குடுத்துட்டுப் போ. நீ வரணும்னு இல்லை."

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு சலூனுக்கு நடந்தான். தொப்பை பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"போற வழியில அந்த மோர் குடிச்ச தம்பி எங்க இருக்கான்னு பாரு. தாலி கட்டக் கை வேணும். ராசியான கை."

பொட்டலத்தை ஒப்படைத்துவிட்டுத் தேடக் கிளம்பியவன் இன்னும் தேடுகிறான். வழியில் எவன் மோர் குடித்தாலும் நிறுத்தி, "தம்பி, நீதானா அது?" என்று கேட்கிறான்.