யானை முத்திரையும் ராஜ முத்திரையும்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்துப்போன ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நாட்டின் பேரைச் சொல்ல எனக்கு மனசில்லை, விடுங்கள். ஒருநாள் ராஜாவுக்குத் திடீரென்று இரக்கம் பொங்கி, "ஒற்றைச் செக்கு வைத்துப் பிழைப்பவர்களுக்கு இனி வரி கிடையாது" என்று பறையறைவித்தார்.

வரி மந்திரி பெருமாறனுக்கு வயிறு எரிந்தது. அந்த நாட்டுச் சந்தைகளில், குடத்தின் வாயை மூடிய களிமண்ணில் யானை முத்திரை இருந்தால்தான் எண்ணெய் விலைபோகும். முத்திரை ஒரு பெரிய வணிகருடையது. ஏழைகள் அவருக்குக் கூலி கொடுத்து அதைப் பதித்து விற்றார்கள். ராஜா தூக்கக் கலக்கத்தில் இருந்த நேரம் பார்த்துப் பெருமாறன் ஒரு சட்டத்தை நுழைத்துவிட்டார்: "எவர் பிறருடைய முத்திரையோடு வருகிறாரோ, அவர் அந்தப் பிறராகவே கருதப்படுவார்."

ஆக, யானை முத்திரை பதித்த ஏழையும் பெரிய வணிகரின் வரியைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் செக்குமாடு பறிபோகும். படுபாவி!

முதலில் மருதப்பன் என்பவனின் மாட்டை ஓட்டிப் போனார்கள். அவன் நுகத்தைத் தன் தோளில் வைத்துச் செக்கைச் சுற்றினான். சுற்றியபடியே விழுந்து செத்தான்.

விகடகவி வெண்காடன் இதைச் சபையில் சொல்லி அழுதார். ராஜாவிடம் அவருக்கு இருந்த செல்வாக்கைக் கண்டு வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த பெருமாறன், "அரசே! அடுத்த மாட்டை விகடகவியே ஓட்டி வரட்டும். மறுத்தால் அது ராஜதுரோகம்" என்றார். ராஜாவும் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி, அதிகார அடையாளமாக வெண்காடன் விரலில் போட்டு அனுப்பினார்.

மருதப்பனின் பக்கத்து வீட்டு உலகாயி தன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓட்டிட்டுப் போங்க சாமி. இனி நான்தான் செக்குல பூட்டிக்கணும். எம் பிள்ளைங்களுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."

வெண்காடன் வெறுங்கையோடு திரும்பினார். ராஜா சபைக்கு வந்து பார்த்தால், விகடகவி சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

"எழுந்திரும்! தலை போய்விடும்!" என்று ராஜா உறுமினார்.

வெண்காடன் அசையவில்லை. "பெருமாறரே, உமது சட்டத்தைச் சபைக்குச் சொல்லும்."

பெருமாறன் மென்று விழுங்கிச் சொன்னார்.

"நான் ராஜ முத்திரையோடு வந்திருக்கிறேன். ஆகவே நானே ராஜா. பிடித்த மாடுகளையெல்லாம் அவிழ்த்து விடுங்கள், இது என் ஆணை. நான் ராஜா இல்லையென்றால், உலகாயியும் பெரிய வணிகர் இல்லை. தங்களுக்கு எது சம்மதம் அரசே?"

ராஜா மோதிரத்தைப் பார்த்தார், பெருமாறனைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் போயிற்று, பெருமாறன் பதவியும் போயிற்று. வெண்காடனுக்குப் பொற்கிழி கிடைத்தது.

மருதப்பன் மாட்டை வெண்காடனே ஓட்டிப் போனார். அவன் மனைவி வாசலுக்கு வந்து, மாட்டையும் அவரையும் பார்த்தாள்.

"இப்பக் கொண்டாந்து என்ன சாமி பண்ண?"

நாடே சிரிக்கப் பேசியவர் மாட்டைக் கட்டிவிட்டு, பொற்கிழியைச் செக்கின்மேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.