பழத்துக்குத் தொட்டுக்கொள்ள

"நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன், அம்மா?"

கோதண்டம் கேட்டார். தேனம்மை துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

தேனம்மைக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. கோதண்டத்தைவிட இளையவர். ஆனாலும் தாண்டிக்குடி மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டுக்கு மனம் ஆற வருகிற எல்லோருக்கும் அவர்தான் அம்மா. கோதண்டமும் அப்படி வந்தவர்தான். வந்தவர் போகவில்லை. அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டு, சமையலையும் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார்.

"அந்த லூர்து மேரி அம்மா ஊருக்குக் கிளம்புறாங்களாம். என்னாலதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான்.

முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு வைப்பதாக இருந்தது. சர்க்கரையைக் கண்டாலே கோதண்டத்துக்கு ஆகாது. அதனால் சாக்லேட்டில் ஒன்று செய்து பார்த்தார். தோட்டத்துப் பட்டர் ஃப்ரூட்டைப் பழுக்கவிட்டு, ஊறவைத்த பேரீச்சம்பழத்தோடும் கோகோ பவுடரோடும் அரைத்தார். முதல் தடவை பச்சை வாசனை அடித்தது. கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டார். அப்போதும் அடித்தது. ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு ஸ்பூன் காபி டிக்காஷனும் சேர்த்த பிறகுதான் வாசனை அடங்கியது. விரலால் வழித்து நாக்கில் வைத்தவர், அடுப்படியில் தனியாக நின்று சிரித்தார்.

கொய்யா, பப்பாளி, மலை வாழைப்பழம் எல்லாவற்றையும் துண்டு போட்டு, நடுவில் அந்தக் கிண்ணத்தை வைத்தார். தொட்டுத் தொட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கோதண்டத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என்னென்ன போட்டேன், என்னென்ன போடவில்லை என்று ஒவ்வொருவர் பக்கமாகப் போய்ச் சொன்னார். வத்தலக்குண்டில் தையல்கடை வைத்திருக்கும் லூர்து மேரி பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பருமனான பெண்மணி. கணவர் இறந்த துக்கத்தோடு வந்தவர். அன்றுதான் முதல்முதலாக எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கோதண்டம் அவர் பக்கத்திலும் போய்ச் சொன்னார்.

யாரோ பக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். லூர்து மேரி கையில் இருந்த கொய்யாத் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினார். அதன்பிறகு அறையை விட்டு வெளியே வரவில்லை.

"'சர்க்கரை துளிகூட இல்ல, நீங்க பயப்படாம சாப்பிடலாம்'னு சொன்னேன்" என்றார் கோதண்டம். "நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"இதேதான் சொன்னீங்களா?"

"இதேதான்."

தேனம்மை கையில் இருந்த துணியைக் கொடியில் விரித்துப் போட்டார். திரும்பி அவர் எதிரே வந்து நின்றார்.

"சரி. அதையே இப்ப என்கிட்டச் சொல்லுங்க. நேத்து சொன்ன மாதிரியே."

கோதண்டம் அவரைப் பார்த்தார். குச்சி மாதிரி உடம்பு. மணிக்கட்டு எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"சர்க்கரை துளிகூட இல்ல. நீங்களும்..."

அதற்கு மேல் வரவில்லை.

தேனம்மை காத்திருந்தார்.

கோதண்டத்தின் காது மடல் சூடேறியது. நேற்று அந்தச் சொல் தடங்கல் இல்லாமல் வந்தது. சொல்லிவிட்டு அவர் ஒரு பார்வையும் பார்த்தார். லூர்து மேரியின் முகத்திலிருந்து இடுப்பு வரைக்கும் இறங்கிய பார்வை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

"'நீங்க'ன்னு இல்ல, 'நீங்களும்'னு சொல்லிட்டேன், அம்மா."

தேனம்மை வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினார்.

மதுரையில் ஹோட்டல் மாஸ்டராக இருந்த காலத்தில் கோதண்டமும் பருமன்தான். குண்டு மாஸ்டர் என்றால்தான் தெருவில் தெரியும். பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார். நெஞ்சு வலி வந்து, டாக்டர் பயமுறுத்தி, உடம்பைப் பாதியாக்கிக்கொண்டுதான் இந்த மலைக்கு வந்தார். பழைய போட்டோ ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே போனார். மிச்சம் இருந்ததை ஒரு கிண்ணத்தில் வழித்தார். மேலே முந்திரி தூவினார். தட்டில் பழங்களை அழகாக அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார் தேனம்மை.

"அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கப் போறேன்."

தேனம்மை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். தட்டையும் கிண்ணத்தையும் அவர் கையிலிருந்து வாங்கினார். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத் துண்டைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "நீங்க போங்க."

கோதண்டம் வெறுங்கையோடு போனார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முன்னால் கட்டினார். பின்னால் கட்டினார். அறை வாசல் வந்ததும் தொங்கவிட்டுக்கொண்டார்.

லூர்து மேரி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேத்து நான் சொன்னது..."

"எது?"

தெரியாமல் கேட்கவில்லை. சொல்லட்டும் என்றுதான் கேட்டார்.

"'நீங்களும் சாப்பிடலாம்'னு சொன்னேன். சொல்லிட்டு உங்களைப் பாத்தேன். அப்படிப் பாத்திருக்கக் கூடாது."

லூர்து மேரி ஒரு புடவையை மடித்தார். மடிப்புச் சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

"எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். அதைப் பாத்தீங்களா?"

கோதண்டம் பார்க்கவில்லை.

"சிரிச்சிருவேன். முதல்ல நாமளே சிரிச்சுட்டா அவங்க சீக்கிரம் நிறுத்திருவாங்க. சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

"எனக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சும்மா" என்றார் கோதண்டம். "நானும் உங்களை மாதிரி... நானும் குண்டாத்தான் இருந்தேன்."

லூர்து மேரி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் எப்படிங்க மனசு வந்துச்சு?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பார். அந்தப் பெண்மணி உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் ஒல்லியான பிறகு எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்போம் என்ற நினைப்பு வந்ததும் அவரால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரல" என்றார் லூர்து மேரி. "நாளானா வரலாம்."

"சரிம்மா."

"மத்தியானம் என் தம்பி ஜீப் எடுத்துட்டு வரான். கூட என் மக ஜெனிட்டாவும் வரா. எட்டாங்கிளாஸ் படிக்கிறா. அவளும் என்னை மாதிரிதான்." மடித்த புடவையைப் பைக்குள் வைத்தார். "ஸ்கூல்ல யார் முன்னாடியும் சாப்பிட மாட்டா. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடுவா."

கோதண்டம் தலையாட்டினார்.

"அதுக்குச் சாக்லேட்னா உசிரு. முடிஞ்சா கொஞ்சம் செஞ்சு வைங்க."

"செய்றேம்மா. இப்பவே செய்றேன்."

"செய்யுங்க" என்றார் லூர்து மேரி. "ஆனா அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

மதியம் பந்தி நிறைந்திருந்தது. ஜெனிட்டா அம்மாவை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றி இருந்த முகங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சோற்றை அளைந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து பழத்தட்டு வந்தது. கோதண்டம் கிண்ணத்தை எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி நடுவில் வைத்தார். யாரையும் பார்க்காமல் நகர்ந்து போய்த் தண்ணீர் ஊற்றினார்.

தேனம்மை ஒரு துண்டு எடுத்துத் தொட்டார். பக்கத்தில் இருந்தவர் தொட்டார். நேற்றுப் பக்கென்று சிரித்தவரும் பேசாமல் தொட்டார். லூர்து மேரி ஒரு கொய்யாத் துண்டை எடுத்து நன்றாக முக்கி, எல்லோர் முன்னாலும் வாயில் போட்டு மென்றார்.

ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். ஒரு வாழைப்பழத் துண்டை எடுத்தாள். நுனியில் மட்டும் தொட்டாள். சாப்பிட்டாள். இன்னொன்று எடுத்து, இந்தத் தடவை ஆழமாக முக்கினாள்.

கோதண்டம் ஜக்கோடு அந்தப் பக்கம் வந்தார்.

"அங்கிள், சூப்பரா இருக்கு. இதுல என்ன போட்டீங்க?"

பந்தியில் பேச்சு நின்றது. லூர்து மேரியின் கை தட்டிலேயே நின்றது. கோதண்டத்தின் நாக்கு நுனியில் பேரீச்சம்பழம் இருந்தது, பட்டர் ஃப்ரூட் இருந்தது, இல்லாத சர்க்கரையும் இருந்தது.

"சாக்லேட்" என்றார்.