பச்சிலைத் துவையலும் கரடியின் உரலும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. நல்ல கரடியா, கெட்ட கரடியா என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. கோபக்காரக் கரடி. அதை நினைத்தால் எனக்கே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கரடியின் குகை வாசலில் ஒரு பெரிய பாறை. பாறையின் நடுவில் ஒரு குழி. அதுதான் கரடியின் உரல். அந்தக் காட்டில் உலக்கை பிடித்து இடிக்கிற பலம் கரடி ஒன்றுக்குத்தான் உண்டு. அதனால் எல்லாருக்கும் துவையல் இடிப்பது அதன் வேலை.

அது என்ன சாதாரணத் துவையலா? குகைக்குப் பக்கத்திலேயே முயல் தன் பாத்தியில் திருநீற்றுப்பச்சிலை வளர்த்தது. பார்க்கத் துளசி மாதிரிதான் இருக்கும். ஆனால் இலை பெரிசு, கசக்கினால் கையெல்லாம் மணக்கும். அதன் கொழுந்தை மட்டும் முயல் பார்த்துப் பார்த்துக் கிள்ளிக் கொண்டுவரும். அணில் முந்திரிக்கொட்டையைச் சுட்டு, உடைத்து, பருப்பாக்கித் தரும். கரடி முதலில் பருப்பையும் பூண்டையும் கல்லுப்பையும் இடிக்கும். பிறகு இலையைப் போட்டுக் குத்தும். காகம் செக்கடியிலிருந்து சிரட்டையில் கொண்டுவரும் நல்லெண்ணெயைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டு மசிக்கும்.

பச்சைப் பசேலென்று துவையல் தயார்! சுட்ட வள்ளிக்கிழங்கில் தடவித் தின்னலாம். தினைச் சோற்றில் பிசைந்து தின்னலாம். மாங்காய்க் கீற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஒன்றும் இல்லாவிட்டால் விரலில் எடுத்து நக்கலாம்.

உரலை மட்டும் கரடி யாரையும் தொட விடாது. தானும் கழுவாது.

"பழைய ருசியெல்லாம் இதுலதான் ஊறிக் கிடக்கு. தண்ணி பட்டா போச்சு!" என்று பெருமை பேசும்.

அந்த வருடம் கோடை கொளுத்தியது. பாறையில் கால் வைக்க முடியவில்லை. ஒருநாள் துவையலை எடுத்து வாயில் வைத்த கரடி, "தூ!" என்று துப்பியது. ஒரே காறல். தொண்டைவரை கசந்தது.

"எவன் கெடுத்தது?" என்று கரடி உறுமியது. "பருப்புதான்! பழைய பருப்புதான் இப்படிக் காறும். ஏ அணிலே, சொத்தைப் பருப்பையா கொண்டுவந்து கொடுத்தே?"

"இல்லண்ணே. காலையிலதான் உடைச்சேன். நானும் அதைத்தான் தின்னேன். மிச்சம் இருக்கு, நீங்களே ஒண்ணு தின்னு பாருங்க" என்றது அணில்.

"எதிர்த்தா பேசுறே? நல்லதையெல்லாம் பொந்துல பதுக்கிட்டு, கெட்டதை எங்க தலையில கட்டுறியா? திருட்டு அணிலே!"

எல்லா விலங்குகளும் சுற்றி நின்றன. ஒன்றாவது வாயைத் திறந்ததா? இல்லை. கரடியைப் பகைத்துக்கொண்டால் துவையல் கிடைக்காதே! வெட்கங்கெட்டதுகள், கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றன.

கரடி அத்தோடு விட்டதா? நேராக முந்திரி மரத்துக்குப் போய், அணிலின் பொந்து இருந்த கிளையைப் பிடித்து உலுக்கியது.

"இந்த மரத்துல இனி உன்னைப் பார்க்கக் கூடாது. போ!"

"அண்ணே, குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. மழை வேற வரப்போகுது. நான் எங்கே போவேன்?"

"எங்கேயாவது போய்த் தொலை!"

அணில் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய், ஒரு முட்புதருக்கு அடியில் வைத்தது. மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று அதற்குத் தெரியும். வேறு இடம் இல்லையே!

அடுத்த முறை துவையலுக்குக் கரடியே முந்திரி பொறுக்கியது. கரடியே சுட்டது, கரடியே உடைத்தது. இடித்து வாயில் வைத்தால், மறுபடியும் அதே காறல்!

இப்போது இடித்தது யார் உடைத்த பருப்பு? இனியாவது யோசிக்க வேண்டுமா, வேண்டாமா? கரடி யோசிக்கவில்லை.

"அப்ப இலைதான்!" என்று பாய்ந்து போய், முயலின் பாத்தியில் இறங்கி, செடிகளைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தது.

"ஐயோ, வேண்டாம்! இன்னும் பூக்கவே இல்லையே! விதைக்காவது ஒரு செடியை விடுங்கண்ணே!" என்று முயல் அலறியது.

"கசக்குற இலைக்கு விதை எதுக்கு?" என்று கடைசிச் செடியையும் பிடுங்கியது கரடி.

அலறல் கேட்டு அணில் ஓடிவந்தது. வெறும் பாத்தியைப் பார்த்தது. அதற்கு வந்த கோபத்தில் வால் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. ஒரே தாவில் பாறைமேல் ஏறியது.

"ஏ கரடி!"

அண்ணே என்று கூப்பிடவில்லை, கவனித்தீர்களா?

"என் பருப்பு கெட்டதுன்னு என்னைத் துரத்தின. நீ உடைச்ச பருப்பும் காறிச்சு. இப்ப இலையையும் பிடுங்கிட்ட. சரி, பருப்பும் வேண்டாம், இலையும் வேண்டாம். வெறும் உரலை நக்கிப் பாரு!"

"என் உரலைப் பத்தி நீ பேசுறியா?"

"நக்கிப் பாருன்னேன்! ஏன், பயமா?"

பயம் என்றால் கரடி பொறுக்குமா? குனிந்து, நாக்கை நீட்டி, குழியை ஒரு நக்கு நக்கியது. முகம் அப்படியே கோணிப்போனது. கழுவாத உரலில் ஒட்டிக்கிடந்த எண்ணெயெல்லாம் வெயிலில் சிக்குப் பிடித்து, அத்தனை காறலும் அங்கேதான் இருந்தது.

கரடி மணலும் சாம்பலும் அள்ளிவந்து உரலைத் தேய்த்தது. கறுப்புக் கறுப்பாக அழுக்கு வந்தது. தேய்த்துக் கழுவி முடித்து, அணிலின் பக்கத்தில் போய்க் குனிந்து, "தெரியாம நடந்துபோச்சு. மரத்துக்கு வந்துடு" என்று முணுமுணுத்தது.

"என்ன சொன்ன? காதுல விழல."

"அதான், தெரியாம..."

"திருட்டு அணிலேன்னு கத்தினப்ப மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டுச்சு. இது மட்டும் ஏன் தொண்டைக்குள்ளேயே நிக்குது? பாறைமேல ஏறி அதே சத்தத்துல சொல்லு. அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நின்னவங்களும் வந்து கேளுங்க!"

கரடி பாறைமேல் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியது.

"அணில் திருடல! பருப்பு கெடல! இலையும் கசக்கல! என் உரல்தான் அழுக்கு!"

அணில் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மேகம் கறுப்பதற்குள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு முந்திரி மரத்துக்கே குடிவந்தது.

கரடி பெருமூச்சு விட்டு இறங்கி வந்தது. "கழுவியாச்சு, சொல்லியாச்சு. முயலே, போய் இலை கொண்டா. இடிச்சுடலாம்."

முயல் பாத்தியைப் பார்த்தது. பிடுங்கி எறிந்த செடிகள் வெயிலில் சுருண்டு கறுத்துக் கிடந்தன. கரடியும் அப்போதுதான் அதைப் பார்த்தது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. உரல் பளிச்சென்று இருந்தது. இடிக்கத்தான் ஓர் இலை இல்லை.

நீதி: பிறர்மேல் பழி போடும் முன் உன் உரலைக் கழுவிப் பார்.