நூலகர் வீட்டு டிஷ்வாஷர்

“நான் இதுக்கு என்னம்மா குறை வச்சேன்?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அடுப்படி முழுக்கத் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் நடுவில் நின்றார். கேட்டது, பாத்திரம் கழுவும் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் பேச்சித்தாயிடம்.

அவருக்கு வயது அறுபத்தேழு. அவளுக்கு முப்பத்துமூன்று. ஆனாலும் அன்றைக்குச் சீடர் அவர்தான். குருவுக்கே அது தெரியாது, சீடருக்கு எப்படித் தெரியும்?

பேச்சித்தாய் சுவரில் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். மூலையில் இருந்த மாப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“மொதல்ல தரையத் தொடைங்க சார்.”

அவர் துடைத்தார். துடைத்துக்கொண்டே குறைகளை அடுக்கினார். நாலு நாளாக இதே பாடு. ஓடவிட்டால் கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து ஹால் வரைக்கும் போய்விடுகிறது. வாங்கி ஒன்றரை மாதம்தான் ஆகிறது. தான் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தும் அது இப்படிச் செய்கிறது.

“யாருக்காக வாங்குனிய?”

அவர் அடுப்படி வாசல் பக்கம் கை காட்டினார்.

அங்கே அவர் மனைவி செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் தடிமனான துணிப்பட்டை. குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து ஏழு வாரம் ஆகிவிட்டது. கட்டு போனதே தவிர, கை பழையபடி வரவில்லை. விரல்கள் பாதிக்கு மேல் மடங்க மறுத்தன. மூன்று வேளையும் சோறு பிசைந்து ஊட்டுவது ஆவுடையப்பன்தான்.

“ஒரு டம்ளரக்கூட இவளத் தொட விடலம்மா. அதுக்குத்தான் மெஷினே வாங்குனேன். அப்படிப் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

குரலில் பெருமை இருந்தது. அன்பும் இருந்தது, அதை மறைப்பது நியாயமில்லை.

“டாக்டர் என்ன சொன்னாரும்மா?” என்று செண்பகவல்லியைப் பார்த்துக் கேட்டாள் பேச்சித்தாய்.

பதில் ஆவுடையப்பனிடமிருந்து வந்தது. கையை மடக்கி நீட்டிப் பழகச் சொன்னாராம். சின்னச் சின்ன வேலைகள் செய்யச் சொன்னாராம். இந்த மாதத்துக்குள் விரல் மடங்காவிட்டால் பிறகு மடங்கவே மடங்காது என்றாராம்.

“அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. மறுபடி முறிஞ்சா யாரு பாக்கது?”

செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கணவர் பேசி முடிப்பதாகத் தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

தரை காய்ந்தது. பேச்சித்தாய் வேலையைத் தொடங்கினாள்.

கையால் தேய்க்கிற சோப்பை மெஷினில் ஊற்றினார்களா என்று கேட்டாள். இல்லை, மெஷினுக்கு உண்டான பொடிதான். வடிகட்டியைக் கழற்றினாள். ஒரு கறிவேப்பிலைகூட அடைத்திருக்கவில்லை. தண்ணீர் வெளியேறும் குழாய் எங்கேயும் மடங்கவில்லை. கதவு ரப்பரில் கீறல் இல்லை.

“எல்லாம் சுத்தமா இருக்கு,” என்றாள்.

“தெனமும் நாந்தான் தொடைக்கேன்.”

“மெஷின ஓட விடுங்க.”

“மறுபடி வழியுமே.”

“வழியட்டும்.”

இதெல்லாம் ஒரு ரிப்பேரா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பொத்தானை அழுத்தினார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவரையும் உட்காரச் சொன்னாள். முழங்கால் வலியோடு அவரும் உட்கார்ந்தார்.

உள்ளே தண்ணீர் விழுந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்று.

விழுந்துகொண்டே இருந்தது.

கதவுக்கு அடியில் முதல் சொட்டு எட்டிப் பார்த்ததும் அவள் எழுந்து சுவிட்சை அணைத்தாள். குழாயையும் மூடினாள்.

“என்ன கேட்டுச்சு சார்?”

“தண்ணி வார சத்தம்.”

“என்ன கேக்கல?”

“நிக்கிற சத்தம்.”

அவள் தலையாட்டினாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

கதவைத் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கப்பில் மொண்டு வாளியில் ஊற்றினாள். கீழ்த்தட்டை வெளியே இழுத்தாள். பிறகு நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

அடித்தரையின் மூலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி சின்னதாக ஒரு மிதவை இருந்தது. அதற்குக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஓர் உறை. உறையைச் சுற்றி நைலான் நூல். நூலில் மூன்று முடிச்சு. வெந்நீர் பட்டுப் பட்டு உறை சுருங்கி மிதவையை இறுகப் பிடித்திருந்தது.

“இது யாரு போட்டது?”

கேட்டிருக்கவே வேண்டாம். பாளையங்கோட்டையில் முப்பத்தெட்டு வருடம் நூலகராக இருந்தவர் அவர். கையில் கிடைத்த புத்தகத்துக்கெல்லாம் உறை போட்டே ஓய்வு பெற்றவர். பழக்கம் ஓய்வு பெறவில்லை. ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, செல்போனுக்கு உறைமேல் உறை. சோபாவின் பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்காததால் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் சறுக்கிக்கொண்டேதான் நலம் விசாரிக்கிறார்கள்.

“போன வாரம் தொடைக்கும்போது பாத்தேன். அதுக்குள்ள அழுக்குப் போயிரக் கூடாதுன்னு...” என்று இழுத்தார்.

அவள் திட்டவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

“நீங்களே வெட்டுங்க.”

வெட்ட நேரம் பிடித்தது. முடிச்சுப் போடுவதில் அவர் அவ்வளவு கெட்டி. ஒருவழியாக உறையை உரித்தார்.

“இப்ப அதக் கொஞ்சம் தூக்குங்க.”

ஒரு விரலால் தூக்கினார். மிதவை எழும்பியது. டக்கென்று ஒரு சத்தம். விரலை எடுத்தார். இறங்கியது. மறுபடியும் டக்.

“தண்ணி ஏறுனா இதுவும் ஏறும். ஏறுனாத்தான் போதும்னு மெஷினுக்குத் தெரியும்,” என்றாள் பேச்சித்தாய்.

“நான் பத்திரமா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“பத்திரமாத்தான் சார் இருந்துச்சு.”

குழாயைத் திறந்து மெஷினை மறுபடி ஓடவிட்டார்கள். தண்ணீர் விழுந்தது. நின்றது. கழுவத் தொடங்கியது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

ஆவுடையப்பனுக்கு ஒரே சந்தோஷம். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டார். ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்றாள். அவரே காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

செண்பகவல்லி எழுந்து நின்றிருந்தார்.

“அத இங்க குடுங்க.”

“மெஷின்தான் சரியாயிட்டுல்லா. இது முடியட்டும், உள்ள வச்சிருவோம்.”

செண்பகவல்லி இடது கையால் துணிப்பட்டையைப் பிரித்து நாற்காலியில் போட்டார். வலது கையை நீட்டினார். வெளிறி, மெலிந்து, தோலெல்லாம் சுருக்கம் விழுந்த கை. ஏழு வாரமாக ஆவுடையப்பன் அதற்குப் பட்டை சுற்றிவிட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்.

அவர் குருவைத் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

டம்ளரைக் கொடுத்தார்.

செண்பகவல்லி தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். டம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்து கணீரென்றது. ஆவுடையப்பன் ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது முறையும் நழுவியது.

மூன்றாவது முறை விரல்கள் டம்ளரைச் சுற்றி மெல்ல மடங்கின. சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்றது. அப்படியே அவர் டம்ளரைக் கழுவினார். கழுவிக் கவிழ்த்தார்.

பிறகு திரும்பாமலே சொன்னார்:

“மத்தியானம் சோறு நானே பெசஞ்சுக்கிடுதேன்.”

ஆவுடையப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“சரி,” என்றார்.