கருகிப்போன அறுபது தொட்டிகள்

தேவானையம்மாவுக்கு நாற்பது வயது. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, மலைச்சரிவில் முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு மேலே ஒரு சின்னக் குடிலில் இருந்தார். அவரைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். வீரபத்திரனும் அப்படித்தான். ஐம்பத்தெட்டு வயது, பங்களாத் தோட்டக்காரர். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் அம்மாவின் பேச்சைக் கேட்க வருவார். கடைசி வரிசையில் உட்காருவார். எதுவும் கேட்காமல் எழுந்து போவார்.

அன்று வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கே வந்தார். கையில் கடப்பாரை இருந்தது.

"உட்காருங்கண்ணே" என்றார் அம்மா.

"உட்கார வரலம்மா. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்கே போறீங்க?"

"பங்களாவுக்கு. செடி வைக்கிற அந்தக் கண்ணாடி வீட்டுல ஒரு கண்ணாடி மிச்சம் இருக்கக் கூடாது."

வீரபத்திரன் நின்றபடியே பேசினார்.

முதலாளி மகளுக்கு நேற்று நிச்சயதார்த்தம். வாசல் படிகளின் இரண்டு பக்கமும் அறுபது தொட்டி ஜெரேனியம் பூச்செடி. அத்தனையும் ஒரே சிவப்பு. மார்கழி, தை மாதங்களில் தினமும் சாயங்காலம் அவற்றைக் கண்ணாடி வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுவார் வீரபத்திரன். அந்தச் செடி வெயில் தாங்கும், ஓரளவு குளிரும் தாங்கும். உறைபனியை மட்டும் தாங்காது.

"முந்தாநாள் சாயங்காலம் வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சும்மா. காத்தே இல்ல. இன்னிக்குப் பனி கொட்டும் முதலாளி, தொட்டிகளை உள்ளே வச்சிடறேன்னு சொன்னேன். விடியக்காலம் போட்டோ எடுக்கணும், படியிலேயே இருக்கட்டும்னார். மறுபடியும் சொன்னேன். சொன்னதைச் செய்யுடான்னார். கோணிச் சாக்காவது போட்டு மூடறேன்னு கேட்டேன். அலங்காரம் கலைஞ்சிடும்னு அதுக்கும் விடல."

"காலையில?"

"வெந்த கீரை மாதிரி கிடந்துச்சு. அறுபதும்."

கடப்பாரையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து இறங்குறாங்க. என்னய்யா இதுன்னு கேக்குறாங்க. முதலாளி என்னைக் கைகாட்டி, 'குடிச்சிட்டுத் தூங்கிட்டான், உள்ளே எடுத்து வைக்க மறந்துட்டான்'னார். அம்மா, நான் குடிக்கிறவனா?"

"இல்லை."

"பத்தொன்பது வருஷம்! நேத்து மத்தியானத்துக்குள்ள தோட்டக்காரன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டார். என் பொண்டாட்டி அடுப்புல இருந்த சோத்தை அப்படியே பானையோட தூக்கிட்டு வந்தா. தெரிஞ்ச பங்களாக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருக்கார், குடிகாரன், சேர்த்துக்காதீங்கன்னு. இனி இந்த மலையில எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. வீரபத்திரன் அதைக் கவனிக்கவில்லை.

"கோபத்தை விடுங்கன்னு சொல்லப் போறீங்க. அதானே?"

"இல்லை."

"பின்னே?"

"எனக்கும் பத்திக்கிட்டு வருது. அந்த ஆள் செஞ்சது அயோக்கியத்தனம்."

வீரபத்திரன் திகைத்துப் போனார். அவர் வேறு பதிலுக்குத் தயாராகி வந்திருந்தார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். ஜன்னலோரம் ஒரு ஜெரேனியம் தொட்டி இருந்தது. அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல ஒரு கொப்பு வெட்டிக் குடுங்க. இன்னொரு தொட்டி போடணும்."

"இப்பவா? நான் என்ன பேசிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"வெட்டிக் குடுத்துட்டுப் போங்க."

வீரபத்திரன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். கோபமாகவே மடிக்கத்தியை எடுத்தார். ஆனால் செடியைத் தொட்டதும் கை நிதானமாகிவிட்டது. நல்ல கொப்பாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே ஒரே வெட்டு. அடி இலைகளைக் கிள்ளினார். மொட்டையும் கிள்ளினார். நீட்டினார்.

அம்மா அதை வாங்கி, ஈரமண் நிரப்பிய ஒரு தகர டப்பாவில் குத்தப் போனார்.

"ஐயோ, என்ன பண்றீங்க!" வீரபத்திரன் அவர் கையைப் பிடித்துவிட்டார். பிடித்தபிறகு பதறிப்போய்க் கையை எடுத்தார். "இப்பவே நடக்கூடாதும்மா. வெட்டுவாய் பச்சையா இருக்கு. ஈரத்துல வச்சா அடி கறுத்து அழுகிப் போகும்."

"எப்போ நடணும்?"

"ஒரு நாள் காத்தாட வெளியே கிடக்கணும். வெட்டுவாய் காஞ்சு தோல் மாதிரி மூடிக்கும். அப்புறம்தான் மண்ணு."

"ஒரு நாள் முழுக்க வேரில்லாம, தண்ணியில்லாமலா? செத்துப் போயிடாதா?"

"சாகாதும்மா. தண்டுக்குள்ள வேணுங்கற ஈரம் இருக்கு."

"எதுக்கு இவ்வளவு தொல்லை? தூக்கி எறிஞ்சிடலாமே."

"எறியறதுக்கா வெட்டினேன்?" என்று சீறினார் வீரபத்திரன்.

சொன்னவர் அப்படியே நின்றார். அம்மாவின் கையிலிருந்த கொப்பைப் பார்த்தார். பிறகு அதை வாங்கி ஜன்னல் கட்டையில் படுக்க வைத்தார்.

அன்று அவர் எங்கும் போகவில்லை. மனைவி மாரிக்கண்ணுவையும் குடிலுக்கு வரச் சொன்னார் அம்மா. மூன்று பேரும் மத்தியானம் ரசமும் சோறும் சாப்பிட்டார்கள். மாரிக்கண்ணு சாப்பிடும்போதே அழுதாள். சாயங்காலம் வீரபத்திரன் விறகு பிளந்தார். தேவைக்கு மேலேயே பிளந்தார்.

மறுநாள் காலையில் மணல் கலந்த மண்ணில் கொப்பை நட்டு, அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"யார்கிட்ட?"

"பொய் சொன்ன இடத்துலயே."

வீரபத்திரன் வெறுங்கையோடு போனார். முதலாளியின் கார் ஒன்பது மணிக்குக் கிளம்பும். பங்களா கேட்டுக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில் நின்றார். கார் வந்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நான் குடிக்கல. பனி கொட்டும், தொட்டிகளை உள்ளே வைக்கணும்னு சொன்னேன். நீங்கதான் வேண்டாம்னீங்க."

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மறுநாளும் போனார். அதே இடம், அதே மூன்று வாக்கியம். மூன்றாம் நாள் காவலாளியை விட்டுத் துரத்தினார்கள். "ரோடு பொது ரோடுதானே" என்று சொல்லிவிட்டு நின்றார். நான்காம் நாள் பால்காரரும் கீரை விற்கிற அம்மாளும் நின்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் மழை. நனைந்துகொண்டே சொன்னார். ஒருநாள்கூடக் கத்தவில்லை. கத்தாமல் இருப்பதற்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏழாம் நாள் அவர் சொல்லி முடித்ததும் கார் கதவு திறந்தது. இறங்கியது முதலாளி இல்லை. அவர் மகள் வினோதினி.

"வீரபத்திரண்ணன் சொல்றது நிஜம்ப்பா" என்றாள். "அன்னிக்கு நான் மாடியில மருதாணி வச்சிட்டிருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. சாக்காவது போடறேன்னு கெஞ்சினார். நான் இத்தனை நாள் வாயை மூடிட்டிருந்தது தப்பு."

முதலாளி மகளைப் பார்த்தார். ரோட்டில் நின்றவர்களைப் பார்த்தார்.

"சரி, நான்தான் வேண்டாம்னேன். அதுக்கு இப்ப என்ன?" என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. கார் போய்விட்டது.

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. பால்காரர் அதை மலை முழுக்கக் கொண்டுபோனார். பத்து நாளில், எதிர்ச்சரிவில் இருந்த ஒரு டாக்டர் வீட்டில் வீரபத்திரனுக்குத் தோட்டவேலை கிடைத்தது. தங்க இரண்டு அறையும் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் போனபிறகும் வீரபத்திரன் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சும்மா. மாரிக்கண்ணுகூடச் சிரிக்கிறா. ஆனா அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரியுது. கோபம் இன்னும் போகல."

அம்மா கேட்டார்: "அங்கே இப்ப தோட்டத்தை யாரு பாக்குறாங்க?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்கார். கூடலூர்ப் பக்கம். பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. அதே வீட்லதான் குடியிருக்காங்க."

"அப்படின்னா அந்தக் கோபம் போக வேண்டாம்ணே" என்றார் அம்மா. "இருக்கட்டும். நாளைக்கு அவருக்கும் இப்படி நடந்தா, அந்தக் கேட்டு முன்னாடி போய் நிக்க அது வேணும்."