பந்தல் தண்ணீர்

திருவிளங்கம் தொண்டையைச் செருமினால் போதும், கோயில் வாசலில் தூங்குகிறவர்கூட எழுந்து உட்காருவார். ஊர் ஊராகப் புராணம் சொல்லியே தலை நரைத்தவர். வேட்டியில் ஒரு சுருக்கம் விழப் பொறுக்கமாட்டார். அந்தக் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, ஆற்றங்கரைக் குடிலில் இருந்த செங்கமலத்தம்மையிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தார்.

அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் விழுந்து கும்பிடும்போது அவருக்கு முழங்கால் வலித்தது. பிறகு பழகிவிட்டது. மூட்டையை அவிழ்க்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை.

அந்தக் கோடையில் சாக்குக் கிடைத்தது. பக்கத்து ஊரான ஆவாரங்குளத்தில் பிள்ளைகளுக்குப் பேதி கண்டது. பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. தாய்மார் தண்ணீரை நிறுத்தினார்கள். பிள்ளைகள் நாக்கு வறண்டு துவண்டு கிடந்தன.

அம்மை திருவிளங்கத்தைக் கூப்பிட்டார்.

"கொதிச்சு ஆறுன தண்ணி ஒரு செம்பு. ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் கருப்பட்டி. கண்ணீரவிட உப்புக் கரிக்கக் கூடாது. பேதியாகுற பிள்ளைக்கு அதக் குடுக்கணும். போயிச் சொல்லிட்டு வாரும்."

"இம்புட்டுத்தானா அம்மா?"

"இம்புட்டுத்தான்."

இம்புட்டைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஆனால் ஆவாரங்குளத்துக் கோயில் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் திருவிளங்கத்துக்கு மூச்சு நீண்டுவிட்டது. பாற்கடலில் ஆரம்பித்தார். மலையை மத்தாக நட்டார், பாம்பைக் கயிறாகக் கட்டினார். வேர்க்க வேர்க்கக் கடைந்து, கடைசியில் அமிர்தத்துக்குப் பதிலாக உப்புக் கருப்பட்டித் தண்ணீரை எடுத்து நீட்டினார். "தாய்மாரே! மருந்துக்கெல்லாம் மருந்து இது!" என்று முடித்தபோது பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு கூட்டம் அவருக்கு அமைந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று குடிலுக்குத் திரும்பியவரிடம் கேட்டார் அம்மை.

"என்ன சொல்லுவாங்க? அசந்து போய்த் தலையாட்டுனாங்க."

அம்மை தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

அந்த வாரம் கழிவதற்குள் ஆவாரங்குளத்திலிருந்து ஆள் வந்தது. பேதி நிற்கவில்லை. மாடத்தி என்பவளின் கைக்குழந்தை, உலகு என்று பேர், கண் திறக்க முடியாமல் கிடக்கிறாளாம்.

திருவிளங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்லுல முட்டிக்கிட்ட மாதிரி இருக்கு அம்மா. உள்ளதத்தானே சொன்னேன். ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலையே. நல்லதச் சொன்னா ஏன் கேக்க மாட்டேங்காங்க?"

அம்மை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாரும்," என்றார்.

மாடத்தியின் வீட்டில் குழந்தை பாயில் கிடந்தது. கண் குழி விழுந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. அதைப் பார்த்ததும் திருவிளங்கத்தின் கோபம் மாடத்தி பக்கம் பாய்ந்தது.

"அத்தன தூரம் தொண்ட வறளச் சொன்னேனே! ஏன்ட்டி குடுக்கல?"

மாடத்தி மிரண்டுபோய் அவரைப் பார்த்தாள். "குடுத்தேனே சாமி. நீங்க சொன்னபடிக்குத்தான் குடுத்தேன்."

"எப்படிக் குடுத்த தாயி?" என்று அம்மை குறுக்கே வந்தார். "எங்கிட்டச் செஞ்சு காட்டு."

மாடத்தி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் துணியால் வாய் கட்டிய செம்பு இருந்தது. அதைப் பயபக்தியோடு எடுத்து வந்தாள். துணியை அவிழ்த்து, பால் புகட்டும் சங்கில் பாதி ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குழந்தையின் வாயில் விட்டாள். குழந்தை நாக்கால் சப்புக்கொட்டியது. அவள் செம்பை மறுபடி துணியால் கட்டினாள்.

"காலைல அரைச் சங்கு, பொழுது சாய அரைச் சங்கு. ஒரு வேள தப்பல அம்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் குடுக்கல. தாய்ப்பாலக்கூட நிப்பாட்டிட்டேன்."

திருவிளங்கம் முன்னால் வந்தார். "பால நிப்பாட்ட யாரு சொன்னா?"

"மருந்துன்னியளே சாமி. மருந்து குடுக்கும்போது பத்தியம் காக்கணும்லா?"

அவள் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிறவருக்குத் தெரிந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். திருவிளங்கம் பாய் ஓரமாக உட்கார்ந்தார். இந்த ஊர் அவர் சொன்னதைக் கேட்காமல் போகவில்லை. எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு செம்பு வாய் கட்டிக் கிடக்கும் என்று நினைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது. இந்தக் குழந்தை போய்விட்டால் தன்னால்தான் போனது என்று அவருக்குப் பட்டது.

அம்மை குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். "பிடியும்."

பிறகு மாடத்தியிடம் கேட்டார். "இவ மூத்திரம் எப்பப் பெஞ்சா?"

"நேத்துலேர்ந்து இல்ல அம்மா."

"அது வரட்டும். வந்துட்டா பாதிப் பயம் போயிரும். ஆமா தாயி, நீங்கல்லாம் அளவு பாக்காமக் குடுக்கிறது என்ன?"

மாடத்திக்குப் புரியவில்லை. "எல்லாத்தையும் அளந்துதானே குடுப்போம். எண்ணெ, அரிசி, மோரு..." யோசித்தாள். "பங்குனில அம்மன் கோயில் முன்னால தண்ணிப் பந்தல் போடுவோம். அங்கதான் அளவு கெடையாது. வாரவன் போதும்னு கைய எடுக்குற மட்டும் ஊத்தணும். பாதில நிறுத்துனாப் பாவம்லா."

"அவன் வீட்டுல சாப்பிட்டுட்டு வந்திருந்தா?"

"அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? ஊத்துவோம்."

"உலகு உன் பந்தலுக்கு வந்திருக்கா," என்றார் அம்மை. "வெகுதூரம் வெயில்ல நடந்து வந்திருக்கா."

மாடத்தி குழந்தையையே பார்த்தாள். பிறகு செம்பின் வாயில் இருந்த துணியை அவிழ்த்து மூலையில் போட்டாள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் புதிதாகக் கலக்கினாள். நாக்கில் வைத்து உப்புப் பார்த்தாள்.

சங்கு பழைய சங்குதான். ஆனால் இப்போது அது ஓயவில்லை. குழந்தை முதலில் வாங்கியதைக் கக்கியது. திருவிளங்கம் பதறினார். "கொஞ்சம் பொறுத்து மெதுவா ஊத்து," என்றார் அம்மை. மாடத்தி பொறுத்தாள், ஊற்றினாள். இடையில் பாலுக்கு அணைத்தாள். திருவிளங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறினார். மறுபடி மடியில் வாங்கிக்கொண்டார். ஊரையே எழுப்புகிற குரல் அவருக்கு இருந்தது. இந்தச் சின்னக் கண்ணைத் திறக்க அது உதவவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னட்டி மாடத்தி, மருந்த இப்படிக் குடம் குடமா ஊத்துத? பிள்ளைக்கு ஆகுமா?"

"மருந்து இல்லக்கா. பந்தல் தண்ணி."

"பந்தல் தண்ணியா?"

"ஆமா. போதும்னு அது வாய மூடுற மட்டும் ஊத்தணும். பாலும் குடுக்கலாம்."

பக்கத்து வீட்டுக்காரி அவசரமாகத் தன் வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் யாரிடமோ பந்தல் தண்ணி என்று சொல்லும் சத்தம் கேட்டது. அதற்கும் அப்பால் இன்னொருத்தி சொன்னாள். தான் பாற்கடலைக் கடைந்ததுகூட இத்தனை வேகமாகப் பரவவில்லை என்று திருவிளங்கத்துக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் தோன்றியது என்றால் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது உலகு சிணுங்கினாள். அவள் கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது. மாடத்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை எக்கிச் சங்கைப் பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் திருவிளங்கத்துக்கு மடி சூடாக இருந்தது. குனிந்து பார்த்தார். வெள்ளை வேட்டியில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.

"பெஞ்சுட்டா!" என்று கத்தினார். "பிள்ள மூத்திரம் பெஞ்சுட்டா!"

தெருக்கோடி வரை கேட்டது. அவர் குரல் அதுவரை சொன்ன சேதிகளில் அதைவிட நல்ல சேதி கிடையாது. பெண்கள் ஓடி வந்தார்கள். மாடத்தி குழந்தையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். திருவிளங்கமும் அழுதார். வேட்டியைப் பிழியக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அம்மை அவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாய் கட்டிய செம்புகளை அவிழ்க்கச் சொல்லலாம் என்று திருவிளங்கம் வாயைத் திறந்தபடிதான் போனார். பாதி வீடுகளில் ஏற்கெனவே அவிழ்த்திருந்தார்கள். மீதி வீடுகளில், இவர்கள் போவதற்கு முந்தி, மாடத்தியின் பக்கத்து வீட்டுக்காரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரைக்குத் திரும்பும் வழியில் காற்று வீசியது. ஈர வேட்டி காலில் ஒட்டியது. அவருக்கு மனம் லேசாக இருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது.

"அம்மா, மருந்துன்னு சொன்னா அவங்க பத்தியம் இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எனக்கு எங்க தெரியும்? மாடத்தி சொல்லித்தான் தெரியும்."

"அந்தப் பந்தல்?"

"அதுவும் அவ சொன்னதுதான். நீரும் பக்கத்துலதானே இருந்தீரு."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் பிள்ளைகளுக்குப் பேதி கண்டிருப்பதாகக் காலையில் வந்த ஆள்தான் சொல்லியிருந்தான்.

"நாளைக்கு விடிஞ்சதும் அந்த ஊருக்குப் போறேன் அம்மா," என்றார். "பாற்கடல் வேண்டாம். மருந்துங்கிற பேச்சே வேண்டாம். பந்தல் தண்ணின்னே சொல்லிரட்டுமா?"

"அந்த ஊருல தண்ணிப் பந்தல் போடுவாங்களா?"

"தெரியலயே."

"எனக்கும் தெரியாது," என்றார் அம்மை. "அங்கயும் ஒரு மாடத்தி இருப்பா. அவ வீட்டுல போயி முதல்ல உக்காரும்."