கெண்டைகள் கேட்ட கூரை

கொட்டிக்குளத்துக் கெண்டைகளுக்கு மீன்கொத்தி என்றால் ஆகாது. ஆகாமல் போனதில் தப்பும் இல்லை. மேற்குக் கரையில் ஒரு மருதமரம். அதன் கிளை ஒன்று தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கன் என்ற மீன்கொத்தி விடிந்ததும் அதில் வந்து உட்காருவான். பொழுது சாய்வதற்குள் பதினைந்து மீன் தின்பான்.

பதினைந்தில் பாதி கெண்டைக் குஞ்சு. மீதிப் பாதி எது என்று கெண்டைகள் பார்த்ததே இல்லை. தன் பிள்ளை போகும்போது அடுத்தவன் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

வெள்ளச்சி என்றொரு தாய்க்கெண்டை. அன்று காலையில் மட்டும் அவள் குஞ்சுகளில் மூன்று போய்விட்டன.

"இந்த மூக்கன் தலையில் இடி விழாதா?" என்றாள்.

"விழும்போது சொல்லு, நகர்ந்துகொள்கிறேன்" என்றான் மேலே இருந்து மூக்கன். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கொட்டிக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் வரத்துவாய்க்கால் வாயில் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்பார்கள். நீ யாரைத் தின்பாய்? உன்னை யார் தின்பார்? இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் உள்ளே இடம். கேட்பவன் கொடுக்கன் என்ற நண்டு. சிடுமூஞ்சி. அந்த வேலைக்குச் சிடுமூஞ்சிதான் லாயக்கு.

எல்லாரும் பதில் சொல்லித்தான் வந்தார்கள். தவளை சொன்னது, நாரை சொன்னது. மூக்கன்கூட வந்த அன்று, "மீனைத் தின்பேன். என் முட்டையைப் பாம்பு தின்னும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளையில் உட்கார்ந்தான்.

ஐப்பசி மழையில் மேலூர்க் கண்மாய் நிரம்பி வழிந்தது. அந்த வெள்ளத்தோடு ஒரு செடி மிதந்து வந்தது. ஊதாப் பூ, பளபளவென்று இலை, காற்றடைத்த தண்டு. ஆகாயத்தாமரை.

கொடுக்கன் குறுக்கே போய் நின்றான்.

"நீ யாரைத் தின்பாய்?"

"நானா? யாரையும் இல்லை அண்ணே. தண்ணீரும் வெயிலும் போதும்."

"உன்னை யார் தின்பார்?"

"யாரும் இல்லை."

"அது எப்படி?"

"இந்தப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் கிடையாது. வழியில் ஒரு எருமை வாய் வைத்துப் பார்த்தது. துப்பிவிட்டது. அதற்கப்புறம் ஒருவரும் தொடவில்லை."

"அப்படியானால் இடமில்லை. வந்த வழியே போ."

கெண்டைகள் கூடிவிட்டன. வெள்ளச்சி முன்னால் வந்தாள். "ஏன் அண்ணே விரட்டுகிறாய்?"

"தன்னைத் தின்ன ஆளில்லாதவள் எந்த இடத்தில் நிற்பாள்? அவளை நிறுத்த ஒருத்தன் வேண்டாமா?"

"நல்ல நியாயம். தினமும் பதினைந்து பேரைத் தின்பவனுக்கு மரக்கிளை. ஒருவரையும் தின்னாதவளுக்குக் கதவடைப்பா?"

ஆகாயத்தாமரை மருதமரத்தை நிமிர்ந்து பார்த்தது. "அந்தப் பறவையா தொல்லை? பத்து இலை சேர்த்தால் ஒரு கூரை ஆயிற்று. கூரைக்குக் கீழே நீங்கள் இருந்தால் அவருக்குத் தெரியவா போகிறது? எனக்கு ஓரமாக ஒரு இடம் கொடுங்கள், போதும்."

கூரை என்றதும் கெண்டைகளுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

அடியில் சேறு கலங்கியது. கருவாயன் என்ற விரால் தலையை நீட்டினான். "எனக்கும் சம்மதம்" என்றான்.

கெண்டையைத் தின்னும் விரால் சம்மதிக்கிறது என்றால் கெண்டை யோசிக்க வேண்டும். யோசிக்கவில்லை. சம்மதிப்பவர்கள் வாலால் தண்ணீரை அடிப்பது அங்கே வழக்கம். குளமே அதிர அடித்தார்கள். வேண்டாம் என்றது ஒரே ஒரு நண்டு. அவனுக்கு அடிக்க வாலும் இல்லை.

தை மாதத்தில் மருதமரத்தடியில் கூரை படர்ந்துவிட்டது. மூக்கன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஒரு முறை குதித்தான். இலையில் முட்டி, தண்டில் வழுக்கி, தலையெல்லாம் பாசியோடு கிளைக்குத் திரும்பினான்.

"என்ன மூக்கா, வீடு மாறி வந்துவிட்டாயா?" என்று கீழே இருந்து கெண்டைகள் கேட்டன.

"சிரியுங்கள், சிரியுங்கள்" என்றான் மூக்கன். மாசியில் அவன் மடைக்கு வெளியே வாய்க்காலுக்குப் போய்விட்டான். நாரைகளும் போய்விட்டன. வெள்ளச்சி அந்தத் தடவை பொரித்த குஞ்சுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள். இருக்கட்டும். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

பங்குனியில் கூரை கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டது.

கொடுக்கன் ஆகாயத்தாமரையிடம் போனான். "ஓரமாக ஒரு இடம் போதும் என்றாய்."

"ஓரத்தில்தான் இருக்கிறேன் அண்ணே. குளத்துக்கு எத்தனை ஓரம் இருக்கிறதோ அத்தனையிலும் இருக்கிறேன்."

கொடுக்கன் வெட்டத் தொடங்கினான். ஒரு மாதம் தனியாக வெட்டினான். பகலில் ஒரு முழம் வெட்டினால் அடுத்த நாள் இரண்டு முழம் தழைத்திருந்தது. "கொஞ்சம் வந்து தள்ளுங்களேன், முண்டங்களா" என்றான். கெண்டைகள், "கூரையைப் பிரிக்கவா?" என்று கேட்டன. கொடுக்கன் கொடுக்கை மடக்கிக்கொண்டு மடை வழியாக வெளியேறி வயல்வரப்பில் வளை தோண்டிவிட்டான்.

கூரைக்குக் கீழே வெயில் வரவில்லை. வெயில் இல்லாமல் அடியில் இருந்த பாசியும் கொட்டிக்கிழங்கும் அழுகின. அழுகியதில் தண்ணீர் கறுத்தது. விடியற்காலையில் கெண்டைகளுக்கு மூச்சு முட்டியது. இலைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடுக்கில் வாயை வைத்து வைத்துத் திறந்தன.

விராலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும் சாதி. மூச்சுக்குத் திணறும் கெண்டை ஓட முடியாது. ஓடாத கெண்டையைப் பிடிக்க விரால் மெனக்கெட வேண்டியதில்லை.

சித்திரையில் வெள்ளச்சியின் குஞ்சுகளில் பாதி இல்லை. அவள் கருவாயனிடமே போய் நின்றாள்.

"மாமா, முன்பெல்லாம் நீ இப்படித் தின்ன மாட்டாயே."

"முன்பு நான் ஒருத்தன். இப்போது திரும்பிப் பார்."

பார்த்தாள். இருட்டுக்குள் வரிசை வரிசையாக விரால்கள். விரல் நீளம், சாண் நீளம்.

"எல்லாம் என் பிள்ளைகள்" என்றான் கருவாயன். "முன்பு எனக்குப் பிள்ளை தங்காது. ஆயிரம் பொரிக்கும். சின்னதில் சிவப்பாக இருக்கும், கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும். அந்த மூக்கனும் நாரைகளும் அள்ளிக்கொண்டு போவார்கள். பத்து மிஞ்சினால் அதிகம். நான் அழாத நாள் கிடையாது. நீ கூரை கேட்டாய், எல்லாம் தங்கிவிட்டன. இப்போது பசிக்கிறது என்கின்றன. நான் என்ன தாயி செய்ய?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. கேலியும் இல்லை. அதுதான் வெள்ளச்சிக்குத் தாங்கவில்லை.

ஆடி பிறந்தபோது அவளுக்கு மிஞ்சியது இருபது குஞ்சு. அவள் அவற்றை மடையின் கல்லிடுக்கில் விட்டுவிட்டு, மடைவாய் வழியாக வாய்க்காலுக்குள் நுழைந்தாள். அங்கே தண்ணீர் ஒரு சாண் ஆழம். கண்ணாடி மாதிரித் தெளிவு. மேலே நாணல் தட்டையில் மூக்கன். கரையில் வளைவாயில் கொடுக்கன்.

"அட, சாப்பாடு தானாக நடந்து வருகிறது" என்றான் மூக்கன்.

"தின்பதானால் தின்னு. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தின்னு" என்றாள் வெள்ளச்சி. "குளத்துக்குத் திரும்பி வா."

மூக்கன் தட்டையிலிருந்து விழப் பார்த்தான். "எங்கே குதிக்க? உன் கூரையில் குதித்து அலகை உடைத்துக்கொள்ளவா? என்ன ஜென்மங்களோ நீங்கள். வராதே என்று குளத்தையே மூடினீர்கள். இப்போது வா என்கிறாய்."

"கூரையைத் திறந்துவிட்டால் வருவாயா?"

"யார் திறப்பார்?"

வெள்ளச்சி நண்டைப் பார்த்தாள். கொடுக்கன் வளைக்குள் பாதி போய்விட்டான்.

"என்னைப் பார்க்காதே. அன்று அந்த வாலால் எப்படி அடித்தாய், குளமே அதிர்ந்தது. அதே வாலால் வெட்டிக்கொள்."

"திட்டு அண்ணே. முழுக்கத் திட்டிவிடு. முடித்ததும் வழியைச் சொல்லு. அங்கே இருபதுதான் இருக்கிறது."

கொடுக்கன் திட்டினான். கெண்டையின் மூளை அளவிலிருந்து தொடங்கி, குளத்துக் கூட்டம், வால், கருவாயனின் சம்மதம் வரை ஒன்று விடாமல் திட்டினான். வாய்க்காலில் நிழல் ஒரு முழம் நகர்ந்தது. மூக்கன் நடுநடுவே, "அதையும் சேர்த்துக்கொள்" என்று எடுத்துக் கொடுத்தான். வெள்ளச்சி அசையாமல் நின்றாள்.

கடைசியில் கொடுக்கன், "நடுவில் வெட்டியதுதான் என் தப்பு" என்றான். "அவள் மேற்குக் கரையில் மருதவேரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பிடியை மட்டும் அறுத்தால் போதும். ஆடிக்காற்று மேற்கே இருந்து வருகிறது. மீதியை அது தள்ளும். வரப்பில் பன்னிரண்டு நண்டு இருக்கிறது. கூப்பிடுகிறேன். ஆனால் காற்று நின்றால் திரும்ப வருவாள். தினமும் அறுக்க வேண்டும். அறுத்ததைக் கெண்டைகள் தள்ள வேண்டும். தினமும். காதில் விழுகிறதா?"

"விழுகிறது அண்ணே."

மூக்கன் தலையைச் சாய்த்தான். "நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விரால் குஞ்சாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்க மாட்டேன். மேலே இருந்து பார்த்தால் சிவப்பும் தெரியும், வெள்ளியும் தெரியும். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான்."

"தெரியும்" என்றாள் வெள்ளச்சி.

"உன் பிள்ளையாகவும் இருக்கும்."

"தெரியும் என்றேனே."

மூக்கன் அவளைத் தின்னவில்லை.

பன்னிரண்டு நண்டுகளும் கொடுக்கனும் மூன்று நாள் மருதவேர் ஓரமாக அறுத்தார்கள். "கூட்டம் போட்டு இடம் கொடுத்துவிட்டு இப்போது அறுக்கிறீர்களே" என்றது ஆகாயத்தாமரை. "கொடுத்தோம். புத்திகெட்டுக் கொடுத்தோம். நகரு" என்றான் கொடுக்கன். நான்காம் நாள் காற்று ஓங்கி வீசியது. மேற்குக் கரையிலிருந்து கூரை ஒரு பாய் மாதிரி சுருண்டு விலகியது. ஒரு வண்டி போகும் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அதில் வெயில் விழுந்தது. கெண்டைகள் அங்கே போய் மூச்சு வாங்கின. விரால் குஞ்சுகளும் சிவப்புக் கொத்தாக அங்கேதான் மேலே வந்தன.

மூக்கன் கிளையில் இருந்தான்.

முதல் முறை குதித்தான். சிவப்பு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, சிவப்பு. இரண்டு நாரைகளும் வந்து இறங்கின. கெண்டைகளுக்கு ஒரே கும்மாளம்.

நான்காம் முறை அவன் அலகில் வெள்ளியாக ஒன்று துடித்தது. வெள்ளச்சியின் குஞ்சு.

கும்மாளம் நின்றது. "பார்த்தாயா, பார்த்தாயா" என்றது ஒரு கெண்டை. "அந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் மூடிக்கொள்ளலாமா?" என்றது இன்னொன்று. கொடுக்கன் தலையில் அடித்துக்கொள்ளக் கொடுக்கைத் தூக்கினான்.

வெள்ளச்சி கிளையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, அறுத்துப்போட்ட ஒரு கொத்தை மூக்கால் முட்டிக் கிழக்கே தள்ளத் தொடங்கினாள்.

"அண்ணே, நாளைக்கு இன்னும் இரண்டு முழம் அறு" என்றாள்.

உன்னைக் கொஞ்சம் தின்கிறவனை விரட்டுவதற்கு முன்னால், அவன் வேறு யாரையெல்லாம் தின்கிறான் என்று பார்த்துக்கொள்.